மறைத்து வைத்த கருத்துகள்

பிப்ரவரி 10
மறுபடி வேலைக்குப் போனேன். பேருந்து நிலையம் பக்கத்து மாடியில் அதே அலுவலகம், அதே நாற்காலி. ஒரு ஜவுளிக்கடை இணையதளத்துக்கு நிறம் மாற்றினேன். தம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கேட்காததற்கும் அழுகை வந்தது.

பிப்ரவரி 12
அம்மா எழுந்ததும் கம்ப்யூட்டரில் உள்ளூர்ச் செய்தித் தளத்தைத் திறக்கிறாள். டீச்சராக இருந்த காலத்துப் பழக்கம். 'அதிகம் படித்தவை' பெட்டியில் இன்னும் தம்பி ஆண்டனிராஜ் படம். கொடைரோடு அருகே லாரி மோதி இளைஞர் பலி. இளைஞராம்! உள்ளே போனால் கருத்துகள். "வேகமாப் போனா இப்படித்தான்." "பெத்தவங்களைச் சொல்லணும்." ஓரமாக பைக்கை நிறுத்திவிட்டு நின்றவன் அவன். யாரிடம் போய்ச் சொல்ல?

அம்மா காலையில் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 13
அந்தக் கருத்துகளை நீக்கச் சொல்லித் தளத்துக்காரர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. நானே செய்துவிட்டேன். பக்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளுக்குள் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிப் பிடிப்பதுதான் செலக்டர். தம்பி செய்திக்குப் போகும் இணைப்பு எங்கே வந்தாலும், கருத்துப் பகுதி எங்கே இருந்தாலும் காட்டாதே என்று அம்மாவின் பிரவுசரில் மட்டும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். மொழியில் இரண்டு வரி எழுதினேன். பக்கம் சுத்தமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் திரையில் தெரியும், எங்கள் வீட்டில் மட்டும் தெரியாது.

விளம்பரத்தையும் பட்டனையும் தினமும் மறைக்கிறவள்தான். இன்று இரண்டு வரிக்கு அரை மணி நேரம் ஆனது.

பிப்ரவரி 14
அம்மா இட்லி சாப்பிட்டாள்.

பிப்ரவரி 21
அம்மா எதையோ தேடுகிறாள். பக்கத்தை மேலும் கீழும் நகர்த்துகிறாள், மூடுகிறாள், திரும்பத் திறக்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். சொல்லிவிடலாமா? பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 23
சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது அம்மா மாடிவீட்டு அல்போன்சா அக்காவின் போனைப் பார்த்திருக்கிறாள்.

"அவ போன்ல தம்பி இருக்கான். நம்ம கம்ப்யூட்டர்ல ஏன்டி இல்ல?"

சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அது அன்னைக்குக் காலைல அவன் ஸ்டேட்டஸ்ல வச்ச போட்டோ அனிஷா. வேற எங்கயும் இல்ல. அதப் பாக்கத்தான் தெனம் தொறக்கேன்."

அசிங்கமாக எழுதியிருக்கிறார்களே என்றேன். எழுதட்டும், மறைத்ததை எல்லாம் எடுத்துவிடு என்றாள்.

இரண்டு வரியையும் அழித்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்தேன். திரையில் விரல் வைத்து ஒவ்வொரு கருத்தாகப் படித்தாள், அந்த அசிங்கங்களையும். கடைசியில், நான் மறைத்ததற்குப் பிறகு வந்த ஒன்று: "பூ வண்டி ஓட்டுறேன். தம்பிய மடில வச்சிருந்தது நான்தான். வீட்டு ஆளுக இதப் பாத்தா கூப்புடுங்க. சடையாண்டி, சித்தையன்கோட்டை." நம்பரும் இருந்தது.

இதையும்தானே மறைத்து வைத்திருந்தேன்.

மார்ச் 2
சித்தையன்கோட்டைக்குப் போனோம். சடையாண்டி அண்ணன் அம்மாவை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவர் மனைவி கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. தனியாகக் கிடந்தானா என்று மட்டும் கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. ஆம்புலன்ஸ் வாரவரைக்கும் என் கையை விடல. 'எங்கம்மா பயந்துரும், பையச் சொல்லுங்கண்ணே'ன்னுச்சு. யார்ட்டச் சொல்ல? தம்பி போன் பூட்டியிருந்துச்சு. அதான் அதுல எழுதிப் போட்டேன்."

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. வாசலுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா அவர் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தாள்.