கட்டி தட்டாத புட்டிங்

என் கண்ணு ரேவு,

எங்கே இருந்தாலும் முதலில் ஒரு தரம் சிரித்துவிடு. உன் அண்ணன் சியா விதை புட்டிங் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டான். ஆமாம், "தவளை முட்டையைப் பால்ல போட்டு மனுஷனுக்குத் திங்கக் குடுக்கிறியே, மனசாட்சி இருக்கா உனக்கு?" என்று உன் சமையலறையில் நின்று கத்திய அதே அண்ணன்தான். சிரித்து முடித்தாயா? இனிமேல் எழுதப்போவதில் சிரிக்க அதிகம் இல்லை.

சாதாரண மழைக்காலக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் குடித்தவள், அந்த வாரம் முடிவதற்குள் இல்லாமல் போனாய். யாழினிக்கு அப்போது நாலு வயது கூட நிரம்பவில்லை. நமக்கு அம்மா அப்பா இல்லை, உன் மாமியார் பக்கத்திலும் வந்து இருக்க ஆள் இல்லை. நான் தொழிற்சாலைப் பக்கத்தில் இருந்த பீன்யா ரூமைக் காலி பண்ணிக்கொண்டு ஸ்ரீராம்புரத்தில் உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். உன் வீட்டுக்காரருக்கு, அதுதான் நம்ம மாப்பிள்ளைக்கு, இன்னும் ராத்திரி ஷிப்ட்தான். காலையில் அவர் வந்து ஷூவைக் கழற்றும்போது நான் மெட்ரோவைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பேன். ரெண்டு ஆம்பளைகளும் ஒரு பெண் குழந்தையும். சடை பின்னக்கூட வருகிறது எனக்கு, கொஞ்சம் கோணலாக இருக்கும், அவ்வளவுதான்.

யாழினி இப்போது ஒன்றாம் வகுப்பு. முன்பல் விழுந்துவிட்டது. தெருப் பிள்ளைகளோடு கன்னடத்தில் சண்டை போடுகிறாள், என்னோடு தமிழில் சண்டை போடுகிறாள், டீச்சரைப் பற்றி மட்டும் இங்கிலீஷில் புகார் சொல்கிறாள். மூக்குக்கு மேல் கோபம், அப்படியே உன்னை மாதிரி. நன்றாகத்தான் இருக்கிறாள். அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னால் என்னைத் திட்டுவாயா?

அவள் உன்னை மறந்துகொண்டே வந்தாள், ரேவு. பூசி மெழுக எனக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். முதலில் உன் குரல் போனது. "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்று நீ போனில் பேசி அனுப்பிய ஒன்றை மாப்பிள்ளை அழிக்காமல் வைத்திருக்கிறார். ஒரு நாள் அதைப் போட்டுக் காட்டினார். "யாருப்பா இந்த ஆன்ட்டி?" என்றாள் பிள்ளை. மாப்பிள்ளை குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்புறம் உன் முகம். சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தில் இருப்பவர் அம்மா என்று தெரியும். வேறு படத்தில் நீ சுடிதாரில், கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையை விரித்துவிட்டுச் சிரித்தால் அவளுக்கு அடையாளம் தெரிவதில்லை. என் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளைவிடச் சத்தமாக நீ அழுதாயே, அதைச் சொன்னால் கதை கேட்கிற மாதிரிக் கேட்கிறாள்.

ஒன்று மட்டும் போகவில்லை. காலையில் இட்லி வைத்தாலும் தோசை வைத்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மா பண்ற ஊதா புட்டிங் வேணும்" என்பாள். உன் ஆபீஸில் யாரிடமோ கற்றுக்கொண்டு வந்து, பிள்ளைக்குக் காலை டிபனுக்கும் நர்சரி விட்டு வந்ததும் தின்பதற்கும் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் அடுக்கிவைப்பாயே, அது. அவள் நாக்கில் மட்டும்தான் நீ மிச்சம் இருக்கிறாய் என்று எனக்குப் பட்டது. அதையாவது விட்டுவிடக் கூடாது என்று பிடித்துக்கொண்டேன்.

ஆனால் எப்படிச் செய்வாய் என்று யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளையைக் கேட்டால், "எனக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும் மச்சான்" என்று தலையைச் சொறிகிறார். யூடியூபில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள்.

முதல் தடவை நடந்த கூத்தைக் கேள். கடைக்காரரிடம், "கறுப்பா இருக்குமே, ஊறப்போட்டா உப்புமே, அந்த விதை" என்றேன். அவர் சப்ஜாவைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பாலில் போட்டதுமே விதை உப்பிவிட்டது. ஆஹா, நமக்குக் கை ராசி என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது, விதை அதில் நீச்சலடிக்கிறது. பாதியில் நின்றுபோன ஃபலூடா மாதிரி. "மாமா, இது ஜூஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்புறம் சியாவையே தேடி வாங்கினேன். ஊறவைத்துக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் நன்றாகக் கலக்கிவிட வேண்டுமாம், ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அது தெரியாமல் அப்படியே விட்டதில் அடியில் போய்க் கட்டி தட்டிக்கொண்டது. ஊதா நிறத்துக்குத் தள்ளுவண்டியில் குவித்து விற்கிற கொட்டைத் திராட்சையை வாங்கிப் பிழிந்து பச்சையாகவே ஊற்றினேன். பால் திரிந்து, புளித்து, வாயில் வைக்க விளங்கவில்லை. "அம்மா புட்டிங் இப்படி இல்ல" என்றாள். அவள் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இல்லை என்று சொல்கிறாள் என்றால் எது சரி என்று அவளுக்குத் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? நீ இன்னும் அங்கே இருக்கிறாய் என்றுதானே அர்த்தம்?

விடாமல் செய்தேன். கேன்டீனில் பசங்க, "என்ன பழனியண்ணே, கையில பழக்கடை வாசனை அடிக்குது?" என்று கிண்டலடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலும் திராட்சையுமாக உன் சமையலறையை நாறடித்தேன். ஒரு தடவை வெல்லம், ஒரு தடவை தேன், ஒரு தடவை திராட்சையோடு இங்கே கிடைக்கும் சின்ன ஏலக்கி வாழைப்பழம். புளிப்பும் கட்டியும் மட்டும் எப்படிச் செய்தாலும் போகவில்லை. தோற்றதையெல்லாம் வீணாக்காமல் அவளுக்குத்தான் கொடுத்தேன். பசிக்குத் தின்றுகொண்டே, "இப்படி இல்ல மாமா" என்பாள்.

ஒரு நாள் ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "இது கொஞ்சம் அம்மாது மாதிரி இருக்கு" என்றாள். ரேவு, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையை எழுப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம்" என்பாள். போன மாதம், "இதேதான்!" என்று சொல்லிக் கிண்ணத்தை நக்கினாள். நான் பால்கனியில் போய் நின்றுகொண்டு உன்னிடம் சொன்னேனே, கேட்டதா?

போன வாரம் கீழ்வீட்டுக் கன்னடக்காரச் சரோஜம்மா வாடகை ரசீது கொடுக்க மேலே வந்தார்கள். நான் பாலைக் காய்ச்சி ஆறவைத்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன்.

"ஏன்ரீ பழனி, பசும்பால் ஏன் ஊத்தறீங்க? நிம்ம தங்கி தேங்காய்ப் பால்தானே ஊத்துவாங்க?"

எனக்குப் புரியவில்லை. பால் பாத்திரத்தை மூடிவிட்டுத் திரும்பினேன்.

"என் மிக்ஸியிலதான் அரைப்பாங்க. மேல மிக்ஸி போட்டா மகு எழுந்துடும்னு, சாயங்காலம் அது தூங்கினதும் தேங்காயை எடுத்துக்கிட்டு ஓடிவந்துடுவாங்க பாவம். திராட்சையை வெல்லம் போட்டுக் கொதிக்கவெச்சு, வடிகட்டி, நல்லா ஆறினப்புறம்தான் சேர்ப்பாங்க. ஒந்து சிட்டிகை உப்பு. என் வீட்டு அடுப்புலதானே எல்லாம் நடக்கும்? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பிள்ளையின் தூக்கம் கெடக் கூடாது என்று நீ கீழே போய் அரைத்திருக்கிறாய். அதனால் இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கட்டின புருஷனுக்கே தெரியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தேன். சரோஜம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் சாயங்காலமே தேங்காய்ப் பாலில் சியாவைப் போட்டு, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி அடிவரைக்கும் கலக்கி ஃப்ரிட்ஜில் வைத்தோம். காலையில் மேலே திராட்சைச் சாறு. ஒரு கட்டி இல்லை. வழுவழுவென்று, ஸ்பூன் எடுத்த இடம் அப்படியே நிற்கிறது.

மாப்பிள்ளை ஒரு வாய் வைத்தார். வைத்ததும் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். "மச்சான்... இது ரேவதி, மச்சான்" என்றார். நானும் தின்றேன். தவளை முட்டை என்று நான் கிண்டலடித்தபோது வலுக்கட்டாயமாக என் வாயில் ஊட்டிவிட்டாயே, அதே ருசி. நீ வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

யாழினிக்கு ஒரு கிண்ணம் வைத்தேன்.

சாப்பிட்டாள். மறுபடி ஒரு வாய். முகத்தைச் சுளித்துக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

"இது என்ன மாமா?"

"அம்மா புட்டிங்டா தங்கம்."

"பொய். அம்மாது இப்படி இருக்காது."

"இதுதாண்டா கண்ணு. அப்பாவைக் கேளு."

"இல்ல! அம்மாது புளிப்பா இருக்கும். நடுவுல நடுவுல கட்டியா வரும், கடிச்சா நல்லா இருக்கும். எனக்குத் தெரியாதா? எங்க அம்மாவோடது!"

"எங்க அம்மாவோடது" என்று சொல்லும்போது அவள் குரலில் இருந்த உரிமையை நீ கேட்டிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. உனக்காகத்தான் எங்களோடு சண்டை போடுகிறாள். உன்னைத் தள்ளிவைத்துவிட்டு, உனக்காகவே சண்டை போடுகிறாள்.

தொழிற்சாலையில் என் வேலை என்ன, ரேவு? அளவு சரிபார்ப்பதுதானே. முதலில் சரியாக வந்த ஒரு பீஸைத் தனியாகப் பூட்டி வைத்திருப்போம். எதைச் செய்தாலும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். அதை விட்டுவிட்டு இன்றைக்குச் செய்ததை நேற்றுச் செய்ததோடு ஒப்பிட்டால், எல்லாமே சரி மாதிரிதான் தெரியும், கடைசியில் எங்கேயோ போய் நிற்கும். புதிதாக வரும் பையன்களுக்கு வருஷா வருஷம் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் என்ன செய்தேன்? ஒப்பிடுவதற்கு இருந்த ஒரே பீஸ் அவள் நாக்கு. அதிலேயே வாரா வாரம் என் தோல்வியைத் தடவிக்கொண்டிருந்தேன். நான் உன் ருசிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவள்தான் என் ருசிக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள்.

சும்மா இருந்திருந்தால் உன் ருசி இன்னும் கொஞ்ச நாள் அவள் நாக்கில் இருந்திருக்குமோ? இட்லியைத் திட்டித் தின்னவைத்திருந்தால், இன்றைக்கு இதை வாயில் வைத்ததும் அவளுக்கும் மாப்பிள்ளை மாதிரி ஏதாவது வந்திருக்குமோ? யாரைக் கேட்பேன்?

"நெசத்தைச் சொல்லிடலாமா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார். என்ன சொல்வது? நீ வெச்சிருக்கிறது உங்க அம்மா இல்லை, மாமா கலக்கின திரிஞ்ச பால் என்றா? அவளிடம் உன் பெயரில் இருப்பதே அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டுக் கையில் எதைக் கொடுப்பது? நீ செய்த மாதிரியே செய்ததை, அவளுக்கு உன்னை நினைவூட்டாத ஒன்றையா?

அவள் தள்ளிவைத்த கிண்ணத்தை நானும் மாப்பிள்ளையும் பகிர்ந்து தின்று முடித்தோம். நன்றாக இருந்தது, ரேவு. அவ்வளவு நன்றாக இருந்தது.

சரோஜம்மாவின் மிக்ஸியை இனி நான் கேட்கப்போவதில்லை. நாளைக்குப் பசும்பாலில்தான் செய்வேன். திராட்சையைப் பிழிந்து பச்சையாகவே ஊற்றுவேன், ஒரே ஒரு தடவைதான் கலக்குவேன். அவள் கடித்துத் தின்ன அடியில் கட்டி தட்டட்டும் என்று விட்டுவிடுவேன். அம்மா புட்டிங் என்றே சொல்லிக் கொடுப்பேன். நாளைக்கு அவள் பெரியவளாகி, யாரோ ஒருத்தரிடம், "எங்க அம்மா ஒரு புட்டிங் பண்ணுவாங்க, புளிப்பா, கட்டி கட்டியா இருக்கும், அந்த மாதிரி வேற யாராலயும் பண்ண முடியாது" என்று சொல்லும்போது நான் அங்கே இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
பழனி