இறுகாமல் போன பாதி வாசல்

காரிமங்கலம்
ஈஸ்வர வருஷம் மாசி மாதம் 23, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சிரஞ்சீவி கிருஷ்ணப்பனுக்கு உன் அம்மா ராமக்கா வேடியப்பனைக் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், உன் வீட்டுக்காரி காவேரி, பாப்பா சின்னக்கண்ணு மூவரும் சுகம், கறவை எருமையும் சுகம், என் முழங்கால் மட்டும் மேட்டில் ஏறும்போது முனகுகிறது. பினாங்கிலே நீ சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும், ஆகையால் தாமதிக்காமல் எழுது. இந்தக் கடிதத்தை விமானத் தபாலில் அனுப்புகிறேன், அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று கவரைப் பார்த்துப் பயந்துவிடாதே, காரியம் வேறே. எட்டு நாளைக்கு முன்னே, சனிக்கிழமை, கப்பல் தபாலில் உனக்கு ஒரு கடிதம் போட்டேன். அது உன் கைக்கு வருமுன்னே இது வந்து சேர வேண்டும். தபாலாபீசில் விசாரித்தேன், கப்பல் புறப்படவே நாளாகும், விமானம் முந்திவிடும் என்று தபால்காரர் சொன்னார். அந்தக் கடிதத்தில் கொத்தனார் சவுரியப்பன் நம் கடை வாசலுக்கு வந்த சிமிட்டியில் பாதியை மறைத்துவிட்டான், அவனுக்கு உன் துரையிடம் சிபாரிசு செய்யாதே என்று எழுதியிருக்கிறேன். அது அத்தனையும் பொய். வேண்டுமென்று எழுதின பொய் இல்லை, ஆனாலும் பொய்தான். தப்பு என்னுடையது. நடந்ததை முழுக்க எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ போன ஐப்பசியில் எழுதினபடிதான் எல்லாம் ஆரம்பித்தோம். சந்தைத் தெருவில் நம் நாலு கடை முன்னாலும் மழைக்காலத்தில் முழங்கால் சேறு, கிருஷ்ணகிரி பஸ் போனால் சேறு கடைக்குள்ளேயே வந்து விழும், தேங்காய் வண்டிக்காரர்கள் வண்டியைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கடைப் படியெல்லாம் உடைந்துபோயிருந்தது உனக்கே தெரியும். பினாங்குக் கடைத்தெருவிலே இருக்கிறதுபோல நடக்கிறதுக்குச் சிமிட்டி மேடையும், வண்டிச் சக்கரம் ஏறாதபடி ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் கரையும் போடச் சொன்னாய். மேட்டூர் அணையில் நாலு வருஷம் சிமிட்டி வேலை பார்த்தவன் என்று கோவிலூர் சவுரியப்பனைப் பிடித்தேன். வேலை சுத்தமாக இருந்தால் அவனைப் பினாங்குக்கே கூப்பிட்டுக்கொள்ள உன் துரையிடம் சொல்லுகிறேன் என்று நீ எழுதினாய், அதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தான். மூன்று பெண் குழந்தைகள் அவனுக்கு. பழைய மண்ணை ஒரு முழம் தோண்டி எடுத்து, சரளை கொட்டி, திம்சுக்கட்டையால் இடித்து இடித்துக் கெட்டிப்படுத்தினான். தண்ணீர் தெருப்பக்கம் வழிய விரற்கடை சரிவு வைத்துப் பலகை அடித்தான். நீ எழுதின கணக்கை, சிமிட்டி ஒரு பங்கு மணல் இரண்டு ஜல்லி நாலு என்று, தினம் காலையில் நான்தான் ஆட்களுக்கு உரக்க வாசிப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் அந்தத் தெருவில் காகிதத்தைப் பார்த்து வாசிக்கிற பெண்பிள்ளை நான் ஒருத்தி. தண்ணீரைத் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்று நீ அடிக்கோடு போட்டிருந்ததையும் நான்தான் வாசித்தேன்.

வாசித்த வாய்க்குக் கைமேல் அதிகாரம் இல்லை பார். உன் தாத்தா கட்டின களஞ்சியம் இன்றைக்கும் கடப்பாரைக்கு அசையாது. அந்தச் சுண்ணாம்புக்குக் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்தார்கள், பாவாடை கட்டின வயசில் நானும் குடம் சுமந்தேன். சிமிட்டியும் ஒருவகைச் சுண்ணாம்புதானே, கடுக்காய் தெரியாத தேசத்துக்காரன் எழுதிவைத்ததைத்தானே என் மகன் எழுதுகிறான், கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நூறு வருஷம் கூட நிற்குமே என்று நினைத்தேன். வியாழக்கிழமை வேலை நடந்தது. உச்சிப்பொழுதுக்குள் காபிக் கிளப்புப் பக்கம் இரண்டு கடை வாசல் முடிந்தது. ஆட்கள் கூழ் குடிக்கப் புளியமரத்தடிக்குப் போன சமயம், ஆறு உருண்டை வெல்லத்தைக் கடுக்காய்த் தண்ணீரில் கரைத்து வைத்திருந்ததை இரண்டு குடமும் கலவைக்குத் தண்ணீர் நிரப்பியிருந்த பீப்பாயில் கொட்டினேன். ஏரித் தண்ணீர் முன்னமே செம்மண் நிறம், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தண்ணீரில்தான் சாயங்காலம்வரை மற்ற இரண்டு கடைக்கும் கலந்தார்கள். நான் எதிரே உட்கார்ந்து பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் இரண்டு வாசலும் விரலால் தட்டினால் கல் மாதிரி சத்தம். கடைசி இரண்டும் கேழ்வரகுக் களி மாதிரி கிடந்தது. சனிக்கிழமையும் அப்படியே, பெருவிரலை வைத்தால் உள்ளே போகிறது. கடைசிக் கடைக்காரன் புளி மண்டி குப்புராஜ் வாய் உனக்குத் தெரியாததா, “காலைல போட்டது காங்கிரீட்டு, மத்தியானம் போட்டது மாவுக்கூழு, நடுவுல மூட்ட எந்தப் பாலத்து வேலைக்கு நடந்துபோச்சுன்னு மேஸ்திரியக் கேளுங்க ஆயா” என்று தெருவே கேட்கச் சொன்னான். சவுரியப்பன் கரணையைக் கீழே வைத்துவிட்டு, “எஞ்சாமி சத்தியமா இருவத்திரண்டு மூட்டையும் இங்கியேதான் பிரிச்சேனுங்க” என்றான். “ஒன் சாமி சிமிட்டி எண்ணிச்சா?” என்று குப்புராஜ் கேட்டான். வெறும் சாக்கு இருபத்திரண்டும் நம் வீட்டு வேலியில் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது, கேழ்வரகு கட்ட ஆகுமென்று நானே எடுத்துவந்தது, அதை ஒருதரம் எண்ணி வந்து சொல்லியிருந்தால் போதும். கோபத்தில் அது தோன்றவில்லை. கோபத்தோடு வீட்டுக்கு வந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிப் போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் நல்ல பாதிக்குத் தண்ணீர் விடப் போனேன். பீப்பாய் அடியில் கறுப்பெறும்பு, சாரை சாரையாக, விளிம்பெல்லாம் மொய்த்துக் கிடந்தது. அது என் வெல்லத்துக்கு வந்த எறும்பு. சவுரியப்பன் வந்தான். பீப்பாயைப் பார்த்தான், அடியில் நின்ற வண்டலில் விரலை வைத்து நாக்கில் தொட்டான். என் முகத்தைப் பார்த்தான். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவன், “வெயில் ஏறதுக்குள்ள அந்தப் பாதிக்குத் தண்ணி வுட்டுருங்க ஆயா” என்று மட்டும் சொல்லிவிட்டு, கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாவற்றையும் கழுவிக் கோணியில் கட்ட ஆரம்பித்தான். எங்கே கிளம்பினாய் என்றேன். நாளைக்குச் சந்தை கூடுமுன்னே போய்விடுகிறேன், நாலு ஊர் ஜனம் வந்து என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்றான். ஏனப்பா நீ ஒன்றும் கேட்கவில்லை என்று வாய்வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்குக் காவேரி வைத்த புளிக்குழம்பு கூட ருசிக்கவில்லை. சந்தைக்கு வருகிற வண்டி ஒவ்வொன்றும் திரும்பிப் போகையில் சவுரியப்பன் சிமிட்டி திருடினான் என்கிற பேச்சையும் ஏற்றிக்கொண்டு போகும், பென்னாகரம் போகும், தருமபுரி போகும், அப்புறம் அவன் எந்த வேலையில் போய் நிற்பான். உனக்கு எழுதினது கடலைத் தாண்டியும் போகிறது. என் பேர் கெடாமல் இருக்க அவன் வாயைக் கட்டிக்கொண்டான், அவன் பேர் கெடாமல் இருக்க நான் வாயைத் திறக்க வேண்டாமா.

செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே ஆளனுப்பி, ஒரே ஒரு வேலை பாக்கி என்று சொல்லி அவனை நிறுத்திவைத்தேன். சந்தை நன்றாகக் கூடின பிறகு இறுகின பாதிமேல் ஏறி நின்று குப்புராஜைக் கூப்பிட்டேன். வெளியே வாடா குப்புராசு, நீ மூட்டை எங்கே என்று கேட்டாயே, இதோ சாக்கு இருபத்திரண்டு, எண்ணிக்கொள், சிமிட்டியில் குறைவில்லை, வெல்லத்தில்தான் கூடிப்போச்சு, ஊற்றினவள் நான், கொத்தனார்மேல் ஒரு குற்றமும் கிடையாது என்று சொன்னேன். வண்டிக்காரர்கள், தேங்காய்க்காரர்கள், மாடு பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். குப்புராஜ் வாயைப் பிளந்தான், அப்புறம், “அடங்கொப்புரானே, எங் கட வாசல்ல பொங்கல வச்சுட்டு எங்கிட்டச் சொல்லலியே ஆயா, ஏலக்காயி எங்கடையிலேயே கீதே” என்றான். ஒரு வண்டிக்காரன், “எனக்கொரு கரண்டி போடுங்க, நெய்யி நாங் கொண்டாறேன்” என்றான். தெருவே சிரித்தது. என் முகம் காந்தியது, ஆனால் அப்படியே நின்றேன், சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். சவுரியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. குப்புராஜ்தான் அவனிடம் போய்க் கோணி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி, “வாய்யா மேஸ்திரி, எங்கடையில குந்து, எம்புத்தி புளிச்சதுதானே” என்று கையைப் பிடித்து உட்காரவைத்தான். நல்லவன்தான், நாக்கு மட்டும் அவன் விற்கிற சரக்கு மாதிரி.

சிமிட்டிக்கு இனிப்பு ஏன் ஆகாது என்று அப்புறம் சவுரியப்பனைக் கேட்டேன். “மேட்டூர்ல சக்கர மூட்டைய கலவகிட்ட வெக்கவே வுடமாட்டாங்க ஆயா, சிமிட்டி இனிப்பத் தின்னா தூங்கிப்பூடும், எழுப்பவே முடியாது” என்றான். சுண்ணாம்புக்கு மருந்தானது இதற்கு விஷமாகிறது. உனக்கு இது தெரிந்துதானே அடிக்கோடு போட்டாய், காரணத்தையும் ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனோ என்னவோ. தருமபுரியிலிருந்து பதினொரு மூட்டை மறுபடி வந்தது. புதன்கிழமை அந்தக் களியை வாரி வண்டிப் பாதைப் பள்ளத்தில் கொட்டினார்கள், வியாழக்கிழமை புதிதாகப் போட்டான். அன்றைக்குப் பீப்பாய்க்குப் பலகை மூடி போட்டு மேலே ஒரு கருங்கல்லும் வைத்தான். எதற்கடா என்றால், காக்காய் வந்து ஏதாவது போட்டுவிடும் ஆயா என்றான். எந்தக் காக்காய் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தட்டிப் பார்த்தேன், கல். ஓரத்துக் கரையும் கல்தான். வைக்கோலும் ஈரச் சாக்கும் மூடி இரண்டு வேளை தண்ணீர் விடுகிறோம், ஏழு நாள் வண்டி அண்டாமல் முள் வெட்டிப் போட்டிருக்கிறது. இது இறுகுகிறதைக் கண்ணால் பார்க்காமல் உனக்கு எழுதக் கை வரவில்லை, அதுதான் இன்றைக்கு எழுதுகிறேன்.

வீட்டுச் சமாசாரம், கேழ்வரகு களத்துக்கு வந்துவிட்டது, புளி இந்த வருஷம் காய்ப்பு குறைவு, காவேரிக்கு இருமல் நின்றது. சின்னக்கண்ணு மூன்றாம் வகுப்பில் என்னைவிட வேகமாக வாசிக்கிறாள், வாத்தியார் மூச்சு விட்டு வாசி என்று சொல்லும்படி இருக்கிறது, அவளை ஐந்தோடு நிறுத்த மாட்டேன், நீ என்ன சொல்லுகிறாய். நீ சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊர் மழையில் நனைந்த துணியோடு வேலையில் நிற்காதே.

இதுவரை எழுதி முடித்து ஒட்டப் போகும்போது சவுரியப்பன் வந்தான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகாமல் சாக்குக்குத் தண்ணீர் ஊற்ற வந்திருக்கிறான். அவனைப் பற்றி எழுதினதை அவன் கேட்க வேண்டியது நியாயமென்று, கடை வாசலில் வைத்து முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன், திருடன் என்று எழுதின சமாசாரத்தையும் விடாமல் வாசித்தேன். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டான். சரியாக இருக்கிறதா என்றேன். “எல்லாஞ் சரிதானுங்க ஆயா, தொடப்பத்த மட்டும் வுட்டுட்டீங்க” என்றான். ஆமாம் கிருஷ்ணப்பா, விட்டுவிட்டேன். அன்றைக்கு எறும்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒருவரும் பார்க்குமுன் அந்த எறும்பையெல்லாம் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். அவன் வந்து நின்றபோது துடைப்பம் என் கையில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றும் கேட்காமல் மூட்டை கட்டினான். சந்தையிலும் நான் அதைச் சொல்லவில்லை, இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன், அவனுக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான்.

உனக்கு ஒரு குறையும் வராமல் வேடியப்பன் காக்கட்டும், நீ கைவைக்கிற வேலையெல்லாம் நிலைக்கட்டும். கப்பலில் வருகிற கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடு. இதை எடுத்துக்கொண்டு உன் துரையிடம் போய், மதராஸ் ஜில்லாக்களிலே இப்படி ஒரு கொத்தனார் கிடைக்க மாட்டான் என்று சொல்லு, மறந்துவிடாதே. அவன் புறப்படும்போது உனக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறேன், வெல்லம் போட்டது.

இப்படிக்கு உன் நலம் கோரும் தாய்,
ராமக்கா
(என் கையால் எழுதியது)