மூன்றாவது விழா ஆட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நானும் குட்டி ஒடெட்டும் நலம். அவளுக்குக் கொஞ்சம் சளி, அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

பழைய மாணவர்கள் கூடும் விழா நாளில், எல்லாக் கல்லூரியும் சுலபமாக ஜெயிக்கக்கூடிய ஃபுட்பால் அணியைத்தானே ஆடக் கூப்பிடும்? இந்த வருடம் மூன்று கல்லூரிகள் எங்கள் கல்லூரி அணியைக் கூப்பிட்டன. அணியின் ஆட்டங்களுக்கு அட்டவணை போடுகிற நான், வேறு ஆட்டம் கிடைக்காமல் மூன்றுக்கும் சம்மதித்துவிட்டேன். இரண்டில் தோற்றதும் பயிற்சியாளர் பர்னெல், "ஏம்மா, நம்ம பசங்க என்ன விருந்துக்கு அறுக்கற வான்கோழியா?" என்றார். மூன்றாவதிலும் தோற்றால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

சனிக்கிழமை மூன்றாவது ஆட்டம். அவர்கள் பக்கம் ஒன்பதாயிரம் பேர். எங்கள் பக்கம் ஒடெட்டையும் சேர்த்து நாற்பத்தொரு பேர். "பாதியிலயே கிளம்பிடும்மா, பாப்பா அழப்போவுது" என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் கேலி செய்தார். கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம், அப்பா! அத்தனை கூட்டமும் வாயடைத்துப்போக, ஒடெட் சிரித்தது மட்டும் கேட்டது. பர்னெல் அவளைத் தூக்கிக்கொண்டு, "அடுத்த வருஷமும் உங்கம்மாதான்டி அட்டவணை போடணும்" என்றார்.

அயோவாவில் குளிர் வந்துவிட்டது. அம்மா பின்னிய காதுமூடிக் குல்லாயை அனுப்புங்கள். ஞாயிறு போன் செய்யுங்கள். உங்கள் குரல் கேட்டால் ஒடெட் உடனே தூங்கிவிடுகிறாள். நானும்தான்.

இதோ, எழுந்துவிட்டாள். முடிக்கும் முன் ஒன்று: அடுத்த வருட விழாவுக்கு இதுவரை ஒரு கல்லூரியும் எங்களைக் கூப்பிடவில்லை!

உங்கள் மகள்,
மாரிஸ்