ஏழாவது நீர்

என் தேவிக்கு,

நீ போய் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆகிவிட்டன. டெங்கு. ஐந்து நாள். அவ்வளவுதான். ஆய்வகத்தில் உன் நாற்காலியில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. கிண்டியில் மெட்ரோவிலிருந்து இறங்கியதும் ஃபோனை எடுக்கிறேன். யாருக்கு என்று யோசித்துவிட்டு உள்ளே வைக்கிறேன்.

ஒரு செய்தி இருக்கிறது. மூன்று வாரமாக எழுத முடியாத செய்தி. நீ தப்பு செய்துவிட்டாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னது நான்தான்.

நம் கட்டுரை இதழிலிருந்து திரும்பி வந்தது. நீ செய்த வெப்பச் சோதனையை மறுபடி செய்து காட்டுங்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார். துத்தநாகமும் மக்னீசியமும் கலந்த உன் சல்பேட் படிகம். உனக்குத் தெரிந்ததுதான், எனக்கே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். அந்தப் படிகத்தில் இரண்டு உலோகங்களும் ஒரே மாதிரி இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும். எது உட்கார்ந்தாலும் அதைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள். ஏழாவது நீர் எந்த உலோகத்தையும் தொடாது. இடைவெளியில், அக்கம்பக்கத்தை லேசாகப் பிடித்தபடி நிற்கும். சூடு ஏறினால் முதலில் கிளம்புவது அதுதான்.

கலப்புப் படிகத்திலும் ஏழு நீரும் இருக்கின்றன என்றாய் நீ. சூடாக்கி, நீர் போகப் போக எடை குறைவதை வரைந்து காட்டினாய்.

நான் சூடாக்கியபோது ஆறுதான் வந்தது.

உன் படிகம் என்னிடம் இருந்தது. கட்டைவிரல் நகமளவு. அந்தக் கரைசலில் விளைந்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். புதிதாக வளர்க்கலாம், ஆனால் கலவை அச்சாக அப்படியே வராது. வந்தாலும் அது உன்னுடையது ஆகாது. அதனால் ஓரத்தில் மட்டும் சுரண்டி எடுத்தேன். இரண்டு முறை. இரண்டு முறையும் ஆறு.

நம் கைடு சார் வரைபடத்தைப் பார்த்தார். "அவசரக்காரிம்மா அவ. மேல இருந்த ஈரத்தைச் சரியா ஒத்தி எடுக்காமப் போட்டிருப்பா. அதான் அவளுக்கு ஏழு வந்திருக்கு" என்றார். ஆய்வகக் கூட்டத்தில் நான் எழுந்து அதையே சொன்னேன். உன் பகுதியை எடுத்துவிடலாம், அத்துடன் பெயரையும் எடுத்துவிட்டு நன்றியில் ஒரு வரி போடலாம் என்று முடிவானது. நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? எண்களை நம்பினேன் என்று சொல்லிக்கொண்டேன். உன்னை எப்போதும் அவசரக்காரி என்றுதான் நினைத்திருந்தேனோ?

நன்றி வரியில் உன் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்கக் கோட்டூர்புரம் போனேன், உன் அம்மாவிடம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆற்றோரக் குடியிருப்பு, கீழ்த்தளம், சுவரில் ஈரம் இடுப்புயரம் ஏறியிருந்தது.

"இன்னா நித்யா, இப்பதான் வழி தெர்ஞ்சிச்சா?"

அலமாரியில் ஒரு பழைய மருந்து பாட்டில். உள்ளே உன் படிகம். இன்னொன்று. கண்ணாடி மாதிரி.

"கடைசியா வந்தப்ப குட்த்துட்டுப் போச்சி. மூடிய இறுக்கி வை, வெயில்லயும் வெக்காத, காயவும் உடாதன்னிச்சி. இன்னாத்துக்குன்னு கேட்டேன். காஞ்சா வெள்ளையாப் பூடும்மான்னிச்சி. கற்கண்டு மாரி கீது பாரு."

பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

என்னிடம் இருந்தது வெள்ளையாகிவிட்டிருந்தது தேவி. மழை தொடங்கியதும் பயந்துபோய், ஈரத்தில் கரைந்துவிடக் கூடாதென்று, அதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் பூட்டி வைத்திருந்தேன். மேலே மெல்லிய வெண்மை படர்ந்தபோது, வயதாகிறது என்று நினைத்தேன். ஏழாவது நீர் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரத்தில் வைப்பதற்கு வெகு நாள் முன்பே. நான் போகவைத்தேன். உன் அம்மாவுக்குச் சொன்னதை எனக்கு நீ சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாய். தெரியும்தான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

"அம்மா, இதுல கொஞ்சம் வேணும். பொடி பண்ணி சூடு பண்ணணும்."

"இன்னாத்துக்கு?"

"தேவி கணக்கு தப்புன்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

வெளியே யாரோ தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று கத்தினார்கள். உன் அம்மா நகரவில்லை.

"நான்தாம்மா."

வெளிக் கதவைச் சாத்தினார். பிறகு, "எவ்ளோ வோணும்?"

"கடுகளவு."

"அதுக்கா இந்த மூஞ்சி? குடு இங்க. நான் ஒடைக்கிறேன்."

பாக்குவெட்டியை எடுத்து, முந்தானையில் துடைத்து, படிகத்தின் மூலையில் வைத்து ஒரே அழுத்து. சுத்தமாக உடைந்தது. துண்டை மாத்திரைக் குப்பியில் போட்டு மூடியை அவரே இறுக்கினார். "எம்பொண்ணு கணக்கு சரியா வர்லன்னாலும் எங்கிட்ட சொல்லு" என்றார்.

இன்று மதியம் இயந்திரத்தில் வைத்தேன். ஒத்தி எடுத்தேன், மறுபடியும் ஒத்தி எடுத்தேன். சூடு ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் கோடு இறங்கியது. சின்னப் படி. நீ வரைந்த அதே இடத்தில். கடைசிவரை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஏழு.

நீ சரியாகத்தான் செய்திருந்தாய்.

சாரிடம் காட்டினேன். சந்தோஷப்பட்டார். உன் பகுதியும் பெயரும் திரும்பி வருகின்றன. "நடுவுல வந்த ஆறை விட்டுடலாம்மா. உன் மேல எதுக்கு இழுத்துப் போட்டுக்கறே?" என்றார். உன் அம்மாவுக்கு ஃபோன் செய்து ஏழு வந்ததைச் சொன்னேன். "சரி கண்ணு. சாப்ட்டியா?"

யாருமே திட்டவில்லை தேவி. நீ இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பாயா? "சிலிக்கா ஜெல்லா? லூசா மச்சி நீ? பிஎச்டி வேற பண்ணிகினு கீறே!" என்று அறை முழுக்கக் கேட்கச் சொல்லியிருப்பாய். ஒரு வாரம் வைத்து ஓட்டியிருப்பாய். அப்புறம் டீ வாங்கித் தரச் சொல்லியிருப்பாய், விஷயம் முடிந்திருக்கும். இப்போது இது எப்படி முடியும் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை கூட்டம். எந்த அறையில் எழுந்து உன்னைத் தப்பு என்றேனோ அங்கேயே எழுந்து நிற்பேன். இரண்டு கோடுகளையும் போட்டுக் காட்டுவேன். ஏழு தேவி வளர்த்தது, ஆறு நான் காய வைத்தது என்று சொல்வேன். கட்டுரையிலும் அப்படியே இருக்கும், என் பெயரோடு. சத்தியம்.

உன் மச்சி,
நித்யா