திறந்துவிட்ட பூதம்

ஜூன் 3
பகடை உருட்டிக் கதை நடத்தும் எங்கள் விளையாட்டின் விதிகளை இன்று இணையத்தில் ஏற்றினேன். திறந்த உரிமம்: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சிடலாம், எழுதியவர்கள் பெயரைப் போட்டால் போதும். மாடி வீட்டுச் சித்தி மகனும் நானும் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியது. வரைபடமெல்லாம் அவன் கை. அதனால் பட்டப்பெயர் மேப். ஏற்றும் முன் நாற்பத்தோராம் பக்கத்தில் அவனுக்குத் தெரியாமல் ஒன்றைச் சொருகினேன். திக்குவாய்ப் பூதம். மந்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வெட்டிவிடலாம். மேப்புக்குத் திக்கும். பார்த்தால் சிரிப்பான்.

ஜூன் 5
சிரிக்கவில்லை.

ஜூன் 6
மாடிக்குப் போனேன். சித்தி கதவைத் திறந்து, "அவன் தூங்குறானாம். அவனே சொல்லச் சொன்னான்" என்றாள்.
பூதத்தை அழித்துவிட்டேன். அப்பாடா.

ஜூன் 9
அப்பாடா இல்லை. முகம் தெரியாத யாரோ பூதத்தைத் தங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். கோணல் வாயோடு படம் வேறு. கீழே, உரிமப்படி, எங்கள் இருவர் பெயரும் - அவன் பெயரும்.
வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்காவிடம் ஓடினேன்.
"திருப்பி வாங்க முடியாதா?"
"கொடுத்தது கொடுத்ததுதான்டி. விதியைத் திறந்துட்டு, பூதமெல்லாம் எங்களோடதுன்னு ஒரு வரி போட்டிருக்கலாம்ல?"
"அவசரத்துல விட்டுட்டேன்."
"உனக்கு எதுலதான் அவசரமில்ல?"
உரிமத்தைத் திறந்தவளுக்கு வாயை மூடத் தெரியவில்லை. நல்ல வரிதான். சிரிப்பு வரவில்லை.

ஜூன் 10
நாலு மன்னிப்புக் கடிதம். நாலிலும் ஒரு நக்கல் நுழைந்துவிட்டது. கிழித்தேன். கடிக்க நகமும் மிச்சமில்லை.

ஜூன் 14
இணையத்தில் எங்கள் விளையாட்டின் புதுப் பதிப்பு. மாற்றியவர்: மேப். நான் அழித்த பூதத்தைத் திரும்பச் சேர்த்திருக்கிறான். மாற்றியது அதன் ஒரே பத்தி. "பூதம் பேசி முடிக்கும்வரை காத்திருப்பவரை அது ஒன்றும் செய்யாது. நடுவில் சிரிப்பவர், வாக்கியத்தை முடித்துக் கொடுப்பவர் ஒரு சுற்றை இழப்பார்."
முடித்துக் கொடுப்பவர் - அது நான்தான். சின்ன வயசிலிருந்து.
கீழே என் பெயரும் இருக்கிறது. உரிமத்துக்காகப் போட்டானா? இல்லை, வேறெதற்காவதா? யாரைக் கேட்பது?

ஜூன் 15
சித்தி கூப்பிட்டாள். மாடியில் ஆட்டம். மேப்தான் கதை நடத்தினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கதையில் கோட்டைப் படிக்கட்டில் பூதம் உட்கார்ந்திருந்தது. அதற்காகப் பேசியதும் அவன்தான்.
"நீ... நீ ஏ..."
ஏன் வந்தே என்று கேட்கப்போகிறான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பகடையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன். கால் மட்டும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.
"நீ ஏ... ஏறிப் போ. வழி விடுறேன்."
இத்தனை வருடத்தில் எத்தனை வாக்கியத்தைத் தப்பாக முடித்துக் கொடுத்திருக்கிறேனோ.