நான் அடித்துவிட்ட சொல்

பாய்,

நேற்று உம்முடைய மகள் மேலப்பாளையத்திலிருந்து வந்து பழைய ஃபைல் ஒன்றைக் கொடுத்தாள். "வாப்பாவோட சாமானை ஒதுங்க வைக்கும்போது கெடச்சுது மாமா, ஒங்க பேரு போட்டிருக்கு" என்றாள். பிரித்ததும் கார்பன் தாளின் வாசம். நீர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், என்னோடு சண்டை போட்டுக்கொண்டு வளைகுடாவுக்குப் போன என் மகனிடமிருந்து ஒன்பது மாதமாகத் தகவலே இல்லாமல் போயிற்று. அங்குள்ள நம் தூதரகத்துக்கு எழுத, கோர்ட்டு வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்த உம்மிடம் வந்தேன். நீர் எழுதிய இங்கிலீஷ் வரைவில் 'பிசீச்' என்றிருந்தது. கெஞ்சிக் கேட்கிறேன் என்று அர்த்தம். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் பிறர் மனுவை வாங்கியே பழகியவன் நான். பேனாவை எடுத்து அடித்துவிட்டு, 'ரிக்வெஸ்ட்' என்று மேலே எழுதினேன்.

நீர் கோபப்படவில்லை. அட்டை பிய்ந்த அகராதியை எடுத்து விரித்தீர்.

"தேடுததுக்கு 'சீக்'னு சொல்லுவான் வெள்ளக்காரன். அந்தக் காலத்துல அவன் ஊருலயும் தெக்கத்தி ஆளு அதையே 'சீச்'னு சொல்லிருக்கான். மத்த ஊருல 'செய்யுறான்'ங்கத நாம 'செய்யுதான்'னு சொல்லுதோம்லா, அது மாதிரி. முன்னால ஒரு 'பி' சேந்தா விடாம தேடுதது. அதுதான் பையப் பைய கெஞ்சுததுன்னு ஆயிருக்கு. பிள்ளையத் தேடுதீரு. இதுல என்ன வே கௌரவக் கொறச்சல்?"

"நான் திருத்துனபடி டைப் பண்ணும் பாய்" என்றேன். நீர் தாளுக்கிடையில் கார்பனை வைத்து மெஷினில் சொருகினீர். சுத்தப் பிரதியில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன், உம்மை நம்பி.

இரண்டே மாதத்தில் அவன் வீட்டுக்கு வந்து நின்றான். யாரிடமும் குழையாமல் எழுதியே பிள்ளையை வரவழைத்தேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். உம் முன்னாலும்தான். நீர் டீயை ஊதிக் குடித்தபடி சிரித்தீர்.

ஃபைலில் இருந்த அந்த மனுவின் கார்பன் நகலில் 'பிசீச்' அப்படியே இருக்கிறது, பாய். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நீர் உயிரோடு இருந்திருந்தால் தேடி வந்து ஏசியிருப்பேன். மகனைக் கூப்பிட்டு நகலைக் காட்டினேன்.

"எம்பசில கூப்பிட்டு இத எனக்கு வாசிச்சுக் காட்டுனாங்க. நீங்க கெஞ்சி எழுதியிருக்கியன்னு சொன்னாங்க. அன்னிக்கேதான் டிக்கெட் எடுத்தேன்ப்பா" என்றான்.

அது நான் எழுதியதில்லை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆமாலே, கெஞ்சத்தான் செஞ்சேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அதில் பொய் எதுவும் இல்லை என்று தெரிந்தது. அந்த ஒன்பது மாதமும் நான் வேறு என்னதான் செய்துகொண்டிருந்தேன், பாய்?