மண்மேட்டுக்கு ஒரு பிடி மண்

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் போன வாரம் குட்டி போட்ட வெள்ளாடும் சுகம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீதான், பிறகு சொல்கிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் அலையாமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் அவர் பிடுங்கிக்கொள்கிறார், இதை அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

போலந்தில், உன் கிராகோ ஊரில் அந்த மண்மேட்டின் உச்சியில் நின்று நீ அனுப்பிய போட்டோவை உன் அப்பா அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காட்டிவிட்டார். நாட்டுக்காகச் சண்டை போட்ட ஒருவர் நினைவுக்கு ஜனங்களே மூன்று வருஷம் மண் சுமந்து குன்று மாதிரி குவித்தார்கள், அவர் சண்டை போட்ட இடத்து மண்ணையெல்லாம் கொண்டுவந்து அதில் போட்டார்கள் என்று நீ சொன்னாயே, அதைத் தானே கூடை தூக்கியது போலச் சொல்லிக்கொண்டு திரிகிறார். டீக்கடை தர்மராஜ், "செத்தவரு மேல இம்மாம் மண்ணக் கொட்டுனா எப்புடிண்ணே மூச்சு வுடுவாரு?" என்று கேட்டுவிட்டான். "உள்ள ஆளு இல்லடா, நெனப்புக்குத்தான்டா!" என்று கத்திவிட்டு வந்தவர் ஒரு வாரம் அங்கே டீ குடிக்கவில்லை. நமக்கும் மேடு இருக்கிறது என்று சுண்ணாம்புக்கல் சுரங்கத்து மண்மேட்டில் போய் ஏறினார். சுற்று வட்டாரமே தெரிந்ததாம், ரயில் போவது தெரிந்ததாம், கீழே வாட்ச்மேன் கத்தியது மட்டும் கேட்கவில்லையாம். இறங்கிய அவசரத்தில்தான் முழங்கால் போனது.

அதோடு விட்டாரா. அந்த மேட்டில் நம் ஊர் மண்ணும் ஒரு பிடி போட ஆசை, பெரம்பலூருக்கு லீவில் வந்திருக்கும் உன் சிநேகிதி ஜெயசித்ராவிடம் கொடுத்தனுப்புங்கள் என்று நீ சொன்னதுதான் தாமதம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நம் குலதெய்வம் செல்லியம்மன் கோயிலுக்குப் போய், தேங்காய் உடைத்து, மஞ்சள் துணியில் முறைப்படி பிடிமண் எடுத்து வந்துவிட்டார். மறுநாள் பூசாரி ஆண்டவர் என்னை நிறுத்தி, "பிடிமண்ணு எடுத்தா அங்கயே கோயில் எழுப்பிக் கும்புடறதுன்னு அர்த்தம் தங்கச்சி. பொண்ணு அங்கயே குடியாயிருச்சா, இனிமே வராதா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று பொங்கலுக்கு நீ வரவில்லை. வேலை என்கிறாய், டிக்கெட் கிடைக்கவில்லை என்கிறாய், நானும் சரி சரி என்று போனை வைத்துவிடுகிறேன். சாமியையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டால் நீ இங்கே எதற்கு வரப்போகிறாய் என்று பயமாக இருந்தது பாப்பா. அதனால் நேற்று அந்த மண்ணைக் கோயிலிலேயே கொண்டுபோய்ப் போட்டு, தாயே மன்னித்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டு, அதே மஞ்சள் துணியில் நம் கொல்லை மண்ணைக் கட்டி வைத்தேன். ஆட்டுப்புழுக்கை ஒன்றிரண்டு இருக்கலாம், பொறுக்கிவிட்டுப் போடு. செல்லியம்மன் இங்கேதான் இருக்கிறாள், நீ நேரில் வந்துதான் கும்பிட வேண்டும். உன் அப்பாவுக்கு இது தெரியாது, சொல்லிவிடாதே. கடிதத்தையும் மூட்டைக்குள்ளேயே வைத்துக் கட்டுகிறேன்.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு மேடு ஏறாதே. நீ நோய் நொடியில்லாமல் நல்ல பேரோடு நீடூழி வாழ வேண்டும். லீவு எப்போது என்று ஆபீஸில் கேட்டுச் சொல், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா பாக்யலட்சுமி

பாப்பா, அப்பா எழுதுகிறேன். பூசாரி ஆண்டவர் என்னையும் அதையேதான் கேட்டார். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. மண்ணை மாற்றிவிடலாம் என்று மூட்டையைப் பிரித்தால் இந்தக் கடிதம் இருக்கிறது, உன் அம்மா முந்திக்கொண்டாள். இருந்தபடியே கட்டிவிட்டேன், அவளிடம் சொல்லாதே. சீக்கிரம் வா.